துளசி வாசனை பாவமா?



ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நம்முடைய சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"ஐயா, துளசி வாசனை வந்தா எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்து அழுகை வந்துருது. இது பின்வாங்குதலா? பாவமா?"

கேட்கிறதற்குச் சின்னக் கேள்விதான். சபையிலே இரண்டு பேர் ஏற்கெனவே பதிலும் சொல்லிவிட்டார்களாம். ஒருவர், "அது பழைய ஆவி இழுக்குது, இயேசுவின் நாமத்துல கட்டி ஜெபிங்க" என்றாராம். இன்னொருவர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போங்க" என்றாராம். முதல் பதில் பயமுறுத்துகிறது. இரண்டாவது பதில் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தச் சகோதரி பல மாதமாகத் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிப் பக்கம். தாயார் பூக்கட்டி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஆண்டாள் மாலையின் கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெருமாளுக்குக் கட்டின மாலையை அந்தப் பெண் தன் கழுத்தில் போட்டு அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள் என்றும், பெருமாள் அந்த மாலையையே விரும்பினார் என்றும் நம் அயலகத்தார் சொல்லுகிறார்கள். இன்றைக்கும் அங்கிருந்து திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு மாலை போகிறது. துளசி, செவ்வந்தி, சம்பங்கி சேர்ந்த மாலை. அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைக்குத் துளசி என்றால் அம்மாவின் விரல், அம்மாவின் சேலைத் தலைப்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா மடியில் தலை வைத்தது எல்லாம்தான். கல்யாணமாகி இராஜபாளையம் வந்தபின் இரட்சிக்கப்பட்டார்கள். பதினாலு வருஷமாகத் தலையில் பூ வைக்கிறதில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. அங்கே இருக்கிற வாசனையெல்லாம் சலவை மருந்தும் நூலும்தான். எப்போதாவது சொந்த ஊர் போய்த் தேரடியில் இறங்கினால், பூக்கடை வரிசை தாண்டும்போது நெஞ்சு அடைத்துவிடுகிறது. தாயார் காலமாகி வருஷம் முடியப்போகிறது.

பிரியமானவர்களே, முதலில் நம்மை உண்டாக்கினவர் இந்த மூக்கை எப்படி உண்டாக்கியிருக்கிறார் என்று பாருங்கள். மூக்கின் உள்ளே மேல்பாகத்தில் தபால்தலை அளவு ஒரு சிறு பரப்பு. அதிலே ஏறக்குறைய 400 வகை வாங்கிகள். ஒவ்வொரு வாசனைக்கும் அவற்றில் ஒரு கூட்டணி சேர்ந்து விழிக்கிறது. இதைக் கண்டுபிடித்து 1991ல் வெளியிட்ட ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் என்னும் இருவருக்கும் 2004ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அதைவிட ஆச்சரியம் ஒன்று. கண்ணால் பார்க்கிறதும் காதால் கேட்கிறதும் மூளைக்குள் தலாமஸ் என்கிற ஒரு சந்திப்பில் நின்றுதான் உள்ளே போகும். வாசனை அங்கே நிற்கிறதில்லை. உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கிற இடத்தை நேரே போய்த் தொடுகிறது. முன்வாசலில் கூப்பிட்டுக்கொண்டு நிற்காமல், பின்வாசல் வழியாக நேரே அடுப்படிக்குள் வந்துவிடுகிற நெருங்கின சொந்தக்காரரைப்போல. வாசனையால் எழும்புகிற ஞாபகங்களில் அநேகம் பத்து வயதுக்கு உட்பட்ட காலத்தவை என்றும் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அதாவது, நாம் யாரும் நல்லது கெட்டது தெரிந்து தெரிந்தெடுக்கும் முன்னே எழுதப்பட்டுவிட்ட பக்கம் அது.

அப்படியானால் அந்தச் சகோதரி தேரடியில் அழுதது அவர்கள் சித்தத்தினாலா? இல்லை. அனுமதி கேட்காமல் வந்ததற்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியுமா? யாக்கோபு தன் நிருபத்தில் (1:14,15) பாவம் எப்படிப் பிறக்கிறது என்று படிப்படியாகக் காட்டுகிறார். இழுக்கிறது ஒன்று, அதற்கு இணங்குகிறது இன்னொன்று, பிறகுதான் பிறப்பு. கதவைத் தட்டினவனை எல்லாம் வீட்டுக்குள் குடிவைத்ததாகக் கணக்கு எழுத யாக்கோபு சொல்லவில்லை.

உடனே ஒருவர் எண்ணாகமம் 11ஐத் திறப்பார், எனக்குத் தெரியும். திறக்கத்தான் வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள், கர்த்தருக்குக் கோபம் மூண்டது. அதுவும் வாசனை கலந்த ஞாபகம்தானே, அதுவும் அழுகைதானே என்று கேட்கலாம். வித்தியாசம் எங்கே என்றால், அவர்கள் ஞாபகம் பொய் சொன்னது. பூண்டு ஞாபகம் வந்தது, முதுகில் விழுந்த அடி ஞாபகம் வரவில்லை. எகிப்திலே எல்லாம் இலவசமாய்ச் சாப்பிட்டோம் என்றார்கள். செங்கல் சூளையிலே பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாப்பிட்ட சாப்பாடு எப்படி இலவசமாகும்? அடுத்த அடி, திரும்பிப் போகலாம் என்பது. நம் சகோதரியின் ஞாபகத்தில் பொய் இல்லை. அவர்கள் விக்கிரகத்தை நினைத்து ஏங்கவில்லை, ஒரு தாயை நினைக்கிறார்கள். அந்தத் தாய் விடியற்காலம் எழுந்து விரல் மரத்துப்போகப் பூக்கட்டினது உண்மை.

ஐந்தாம் கற்பனையில் தகப்பனும் தாயும் விசுவாசியாக இருந்தால் மாத்திரம் கனம்பண்ணு என்று எழுதியிருக்கவில்லை. நம்மில் சிலர் இரட்சிக்கப்பட்ட வைராக்கியத்தில், பெற்றவர்களைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது அவர்களை இருட்டு, பிசாசு, அறியாமை என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். அந்த இருட்டில்தான் நமக்குச் சோறு வைத்தார்கள். அந்தச் சாட்சியை அவர்கள் உறவுக்காரர் வெளியே நின்று கேட்டால் இயேசுவைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி இருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் வந்தது. "அம்மா ஆண்டவரை ஏத்துக்கலையே ஐயா. அவங்க இப்ப எங்க இருப்பாங்க? நரகத்துல இருக்கிறவங்களோட வாசனை எனக்கு இனிப்பா இருக்கலாமா?" இதைக் கேட்டபோது என்னால் உடனே பேச முடியவில்லை. இரட்சிப்பு இயேசுவினால் மாத்திரமே என்றுதான் நான் பிரசங்கிக்கிறேன், சாகிறவரைக்கும் அதைத்தான் பிரசங்கிப்பேன். அதைத் தளர்த்தி ஆறுதல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதேபோல, இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று தீர்ப்பு வாசிக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. பாதாளத்தின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று வெளிப்படுத்தின விசேஷம் 1:18ல் வாசிக்கிறோம். எந்தப் பாஸ்டர் கையிலும் அது கொடுக்கப்படவில்லை. ஆபிரகாம் சோதோமுக்காக நின்று பேசும்போது, பூமி முழுவதற்கும் நியாயாதிபதியானவர் நியாயம் தவறமாட்டார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார் (ஆதி. 18:25). அதைத்தான் சகோதரிக்கும் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். பவுல் அப்போஸ்தலன் இயேசுவை ஏற்றுக்கொள்ளாத தன் இனத்தாரை நினைத்துத் தன் இருதயத்தில் ஓயாத வேதனை உண்டென்று ரோமருக்கு எழுதுகிறார் (9:2,3). அவர்களுக்காகத் தான் சபிக்கப்பட்டாலும் சம்மதம் என்கிற அளவுக்குப் போகிறார். அதைப் பின்வாங்குதல் என்று ஒருவரும் பவுலிடம் சொல்லத் துணியவில்லை. அழாதே என்று யார் யாரிடம் சொல்லுகிறது?

வருஷத் திவசத்துக்கு அண்ணன் கூப்பிட்டிருந்தார். சகோதரி முந்தின நாளே போய், மதினியோடு சேர்ந்து வீடு கழுவிவிட்டு, காய் நறுக்கிக் கொடுத்து, அம்மாவோடு கூடப் பூக்கட்டின பெரியம்மாமார் காலடியில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் கேட்டுவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். படையலுக்கு நிற்கவில்லை. அண்ணனும் வற்புறுத்தவில்லை. பதினாலு வருஷத்தில் முதன்முறையாக மதினி பஸ் ஏற்றிவிட வந்தார்களாம்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நான் பாரபட்சம் பண்ணினவன் ஆவேன். பூக்கடை வாசனைக்கு மனசு இளகினால் பிசாசு என்கிறோம். நம்முடைய வாசனைக்கு மனசு இளகினால்?

கன்வென்ஷன் பந்தலை நினைத்துப் பாருங்கள். காய்ந்த தென்னங்கீற்று, தண்ணீர் தெளித்த புழுதி, ஜெனரேட்டரின் டீசல் புகை, புது வேதாகமத்தின் ரெக்ஸின் அட்டை, பக்கத்திலே சமையல் கூடாரத்திலிருந்து வருகிற சாம்பார். வாலிபத்திலே அப்படி ஒரு பந்தலில் அபிஷேகம் பெற்றவருக்கு, இருபது வருஷம் கழித்து எந்தப் பந்தலுக்குள் கால் வைத்தாலும் பாட்டு ஆரம்பிக்கும் முன்னே கண் கலங்கும். எனக்கும் கலங்கும். நல்லதுதான், ஸ்தோத்திரம். ஆனால் அது ஆவியானவரா, கீற்று வாசனையா? தேரடியில் சகோதரிக்கு வந்த கண்ணீரும் பந்தலில் நமக்கு வருகிற கண்ணீரும் அதே பின்வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஒன்றைப் பிசாசு என்றும் மற்றதை அபிஷேகம் என்றும் வாசனையை வைத்தே பிரிக்க முடியாது.

ஈசாக்கைப் பாருங்கள் (ஆதி. 27). கண் மங்கிப்போன கிழவர். வந்தவன் பேசின குரல் யாக்கோபின் குரல் என்று காது சரியாகச் சொல்லிவிட்டது. கை ஏமாற்றிற்று. கடைசியாகச் சந்தேகத்தை முடித்துவைத்தது மூக்கு. மகன் உடுத்தியிருந்த ஏசாவின் வஸ்திரத்தில் வயல்வெளி வாசனை வந்தது, கிழவர் ஆசீர்வதித்துவிட்டார். வாசனை உண்மையான வாசனைதான், உள்ளே இருந்த ஆள்தான் வேறே. கர்த்தர் அதையும் தமது திட்டத்துக்குள் கொண்டுவந்தார் என்பது வேறு விஷயம். ஈசாக்கு ஏமாந்தது ஏமாந்ததுதான்.

இப்போது சில கூட்டங்களில் வாசனை போட்ட எண்ணெயைச் சின்னச் சின்னப் பாட்டிலில் அடைத்து அபிஷேக எண்ணெய் என்று விற்கிறார்கள். வாங்கினவர்கள் முகர்ந்து பார்த்து, பிரசன்னம் இருக்குது என்கிறார்கள். யாத்திராகமம் 30ஐ நிதானமாய் வாசியுங்கள். வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கப்பட்டை, ஒலிவ எண்ணெய் என்று எடையோடு சொல்லிவிட்டு, இந்தப் பக்குவத்தில் தங்களுக்கென்று யாரும் செய்யக்கூடாது, மீறினால் ஜனத்தாரிலிருந்து அறுப்புண்டுபோவார்கள் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். தூபவர்க்கத்துக்கும் அதே கட்டளை, அதை முகர்ந்து மகிழ்வதற்காகச் செய்யக்கூடாது என்று விசேஷித்துச் சொல்லியிருக்கிறது. வாசனையைப் படைத்தவருக்கே வாசனை வியாபாரத்தைப் பற்றிப் பயம் இருந்திருக்கிறது! வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறதை (யாக். 5:14) நான் விடவில்லை. நல்லெண்ணெய் இருந்தாலும் பூசுவேன். விலை வைக்கிறதைத்தான் சொல்லுகிறேன்.

அந்தப் பட்டியலில் வசம்பு வருகிறதைக் கவனித்தீர்களா? சுட்டு உரைத்துப் பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றித் தடவுவோமே, பிள்ளை வளர்ப்பான், அதேதான் நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்துத் தாய்மார் எல்லார் கையிலும் அந்த வாசனை ஏறியிருக்கிறது.

கொரோனா வந்த 2020லும் 2021லும் நம்மில் பலருக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. ஒரு சகோதரருக்கு ஏழெட்டு மாதம். காபி வெந்நீர் மாதிரி இருக்குது, மல்லிகையைக் கசக்கி மூக்குக்குள் வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை என்பார். ஆராதனையிலும் அவருக்குப் பழைய உருக்கம் வரவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிறு தவறவில்லை, அடுத்த வீட்டு முதியவருக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. அந்த எட்டு மாதம் அவர் விசுவாசம் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயமாக மூக்கில் இல்லை.

ஒரே வாசனை எல்லாருக்கும் ஒன்றைச் சொல்லுகிறதும் இல்லை. நம்ம ஊர் மில் பஞ்சு வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவின் சட்டையில் அது இருந்தால் அன்றைக்குப் பொட்டலம் உண்டு, சந்தோஷம் உண்டு. ஆனால் பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு இருமி இருமியே போன ஒருவரின் மகளுக்கு அதே வாசனை வேறு. ரோமாபுரியில் வெற்றி ஊர்வலத்தில் தூபம் காட்டுவார்கள். ஜெயித்தவனுக்கு அது மாலை, சங்கிலியில் வருகிற கைதிக்கு அது கொலைக்களம். பவுல் கொரிந்தியருக்கு இரண்டாம் நிருபத்தில் (2:14-16) கிறிஸ்துவின் வாசனையாக நாம் இருக்கிறோம், சிலருக்கு அது ஜீவன், சிலருக்கு மரணம் என்று எழுதினபோது அந்த ஊர்வலம் அவர் மனதில் இருந்திருக்கும் என்று வேத பண்டிதர்கள் சொல்லுவார்கள். ஆகவே பக்கத்து நாற்காலியில் இருக்கிறவர் எந்த வாசனைக்கு ஏன் அழுகிறார் என்று அவரைக் கேட்காமல் நமக்குத் தெரியாது.

வாசனையையும் ஞாபகத்தையும் ஆண்டவரே ஒன்றாய்ச் சேர்த்துப் பேசின இடம் ஒன்று உண்டு. பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ நளத தைலத்தை அவர்மேல் ஊற்றினாள். வீடு முழுவதும் வாசனை நிறைந்தது என்று யோவான் 12:3ல் எழுதுகிறார். முந்தின அதிகாரத்தில் இதே ஊரில், இதே குடும்பத்தில், கல்லறையைத் திறக்காதேயும், நாறுமே என்று மார்த்தாள் தடுத்ததையும் அவரேதான் எழுதினார். அந்த மரண நாற்றம் இன்னும் அந்த வீட்டார் மூக்கை விட்டுப் போயிருக்காது. நளதம் நம் தேசத்துச் சரக்கு. இமயமலையில் விளைகிற சடாமாஞ்சில் வேர்தான் அது, நாட்டு மருந்துக்கடையில் இன்றும் கேட்கலாம். கேரளக் கரையில் முசிறித் துறைமுகத்திலிருந்து போன ஒரு கப்பலின் சரக்குக் கணக்கு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதிலும் கங்கைக்கரை நளதம் எழுதப்பட்டிருக்கிறது. யூதாஸ் உடனே கணக்குப் போட்டான், முந்நூறு பணம். கூலிக்காரனுக்கு நாளுக்கு ஒரு பணம் என்றால் ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. தைலத்தின் விலை அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஆண்டவரோ, சுவிசேஷம் போகிற இடமெல்லாம் இவள் செய்தது இவளை நினைக்கும்படி சொல்லப்படும் என்றார் (மாற்கு 14:9). ஒரு வாசனையை வைத்து ஒரு பெண்ணுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார். அந்த வாசனை அவர் தலைமயிரிலும் வஸ்திரத்திலும் சிலுவை வரைக்கும் கூடப் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம். வேதத்தில் அப்படி எழுதவில்லை, என் எண்ணம்தான்.

கடைசியாகப் பேதுரு. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள் (யோவான் 18:18). பேதுரு அதன் பக்கத்தில் நின்றுதான் அவரை அறியேன் என்று மறுதலித்தான். வெளியே போய் மனங்கசந்து அழுதபோது சட்டையெல்லாம் அந்தப் புகை வாசனை இருந்திருக்கும். இஸ்திரி வண்டிக்காரர் காலையில் கரி பற்றவைக்கிறபோது தெரு முழுவதும் வருமே, அந்த வாசனை. இனி அவன் எந்த வீட்டு அடுப்படியைத் தாண்டினாலும் சேவல் கூவியிருக்கும். கரிநெருப்பைக் குறிக்கிற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது என்று வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று அந்த முற்றம். மற்றது, ஆண்டவர் உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடற்கரை (21:9). இராத்திரி முழுவதும் ஒன்றும் அகப்படாமல் இருந்து, விடியற்காலத்தில் வலை நிறைந்து, பேதுரு கடலில் குதித்துக் கரையேறி வருகிறான். அங்கே கரிநெருப்பு. யார் மூட்டினது என்று யோவான் சொல்லவில்லை. கரையில் நின்றவர் ஒருவர்தான். அவருக்கு அந்த வாசனை பேதுருவை என்ன செய்யும் என்று தெரியாதா? அணைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டிருக்கலாம். அணைக்கவில்லை, அதன்மேல் மீன் வைத்திருந்தார். என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டதெல்லாம் அப்புறம்தான். முதலில் வந்து சாப்பிடச் சொன்னார், அப்பத்தையும் மீனையும் தாமே எடுத்துக் கொடுத்தார். அந்தப் புகையிலேயே உட்கார்ந்து பேதுரு சாப்பிட்டான்.